சொட்டாத வண்டி

செல்வதுரை வண்டிக்கு ஆயில் மாற்றப்போகிறான் என்று காதில் விழுந்தால் போதும், பரளச்சியில் கீழத்தெரு முழுக்கக் காலி டப்பா தேட ஆரம்பித்துவிடும். மூடி போன பால்பவுடர் டப்பா, கைப்பிடி ஒடிந்த தூக்குவாளி, மண்ணெண்ணெய் அளக்கிற ஓட்டை உழக்கு, எது அகப்படுகிறதோ அதைக் கொண்டுவந்து அவன் வீட்டு வேலியோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். கரிசக்காட்டில் மழை பொய்த்தாலும் பொய்க்கும், கரையான் பொய்க்காது. இன்றைக்கு ஊன்றிய கம்பு அடுத்த வெள்ளாமைக்குள் மாவாகி உதிரும். வண்டியிலிருந்து இறக்கிய கறுத்த ஆயிலைத் தடவிவிட்டால் அந்தக் கம்புப் பக்கம் கரையான் தலைவைத்துப் படுக்காது. மாட்டுவண்டி அச்சுக்கும் அதுதான் மசகு, கிணற்று உருளைக்கும் அதுதான். கார் வைத்திருப்பது ஒருத்தன், அதன் கழிவில் பிழைப்பது ஒரு தெரு.

இதற்குச் செல்வதுரை ஒரு சட்டமே போட்டிருந்தான். "வண்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் ஆயிலு எனக்கு. கீழ விழுந்துட்டா ஊருக்கு." இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு ஜமீன்தார் வந்து உட்கார்ந்துகொள்வார். கொடுப்பதென்னவோ அழுக்கு எண்ணெய்.

அந்த வட்டாரத்துக்கு இருந்த ஒரே அம்பாசடர் அது. வாங்கும்போது வெள்ளை, இப்போது செம்மறி ஆட்டு நிறம். முன்னால் அந்தோணியார் படம், அதற்குக் கீழே பிளாஸ்டிக் பூ. பிரசவ வலியென்றாலும் பாம்புக்கடியென்றாலும், பெண்ணழைப்பென்றாலும் செல்வதுரை வீட்டு வாசலில்தான் ஆள் வந்து நிற்கும். வண்டியை அவன் ஒருநாளும் அருப்புக்கோட்டை ஷெட்டில் விட்டதில்லை. ஏன் இப்படிக் குழிக்குள் கிடந்து சாகிறாய் என்று யாராவது கேட்டால், பெற்ற பிள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரனா எண்ணெய் தேய்த்துவிடுவான் என்று திருப்பிக் கேட்பான். வீட்டுக் கொல்லையில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, அதன் இரண்டு கரையிலும் சக்கரம் நிற்கிற மாதிரி வண்டியை ஏற்றி, கீழே இறங்கி நின்றுகொண்டு வேலை பார்ப்பான்.

அவன் மனைவி பிலோமிக்கு அந்த நேரத்தில் வேலை, குழிக்கரையில் குத்தவைத்துக்கொண்டு கேட்டதை எடுத்துக் கொடுப்பது. எந்த ஸ்பேனர் எந்த நட்டுக்கு என்று அவன் கை நீளும் தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவாள். வேலை பாதியில் இருக்கும்போது குழிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே வரும். "ஏ புள்ள, ஊக்கு" என்பான். தாலிச் சங்கிலியில் கோர்த்திருக்கிற ஊக்கைக் கழற்றிக் கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் அது கறுத்துப்போய்த் திரும்பி வரும். பல் குத்துகிறானா, நக அழுக்கை எடுக்கிறானா என்று அவள் கேட்டதில்லை. வேலை நேரத்தில் கேள்வி கேட்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

எண்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் மழை சும்மா கொட்டவில்லை, பழிவாங்கியது. இரண்டு வருஷமாக வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்துப்போயிருந்த சனங்களுக்கு இப்போது தரையைப் பார்க்கவே பயமாக இருந்தது. மல்லியும் பருத்தியும் தலையெடுத்த காடெல்லாம் களி. செருப்போடு இறங்கினால் செருப்பு அங்கேயே தங்கிக்கொண்டது. செல்வதுரையின் குழி வாய்வரை நிரம்பி, தவளைக்கு வீடாகிவிட்டது. போதாக்குறைக்கு ஸ்டெப்னி டயரைத் தூக்கப்போனவனுக்கு இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. வேப்பெண்ணெய் தேய்த்து, தவிட்டு ஒத்தடம் கொடுத்து, துண்டை இறுக்கிக் கட்டி உட்காரவைத்தால் உட்காருவான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஓட்டிவிடுவான். குனியவும் முடியாது, தரையில் படுக்கவும் முடியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் மன்சூர் அலி வருகிற செய்தி வந்தது. சவுதிக்குப் போய் நாலு வருஷம். போகும்போது அவனைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டது இதே வண்டிதான். அப்போது அவன் மகள் சனோபர் கைக்குழந்தை. அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தம்பி ஹபீப் ரகுமானுக்குப் போன் போட்டவன், தீபாவளிக்கு மறுநாள் வந்து இறங்குவதாகவும், செல்வதுரை அண்ணன் வண்டியிலேயே வந்து கூட்டிப்போகச் சொல்லியும் வைத்துவிட்டானாம். ஹபீபுக்கு அதில் இஷ்டமில்லை. டவுனில் புது வேன் இருக்கும்போது அந்தப் பழைய கட்டையை நம்பி அம்புட்டுத் தூரம் எதற்கு என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

தீபாவளியன்று காலையில் மன்சூரின் மனைவி மீரான் பீவி குடையைப் பிடித்துக்கொண்டு, முட்டளவு களியை மிதித்து வந்து வாசலில் நின்று கேட்டாள். "அண்ணே, வண்டி போகுமா? எனக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க. நாலு வருசமா இந்த வண்டிச் சத்தம் கேட்டாலே அவுக வந்துட்டாகளோன்னுதான் திரும்பிப் பாத்திருக்கேன்."

செல்வதுரை நிமிர முடியாத இடுப்பை நிமிர்த்தினான். "போகும் தங்கச்சி."

அவள் தலை மறைந்ததும் பிலோமி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஜமீன்தார் இல்லை. ஆயில் மாற்றவேண்டிய கெடு எப்போதோ தாண்டிப்போயிருந்தது. குழி காயட்டும் காயட்டும் என்று தள்ளிப்போட்டது. புது ஆயில் டப்பாவும் பில்டரும் கட்டிலுக்கு அடியில் வாங்கியது வாங்கினபடி கிடந்தன. இருக்கிற ஆயில் தார் மாதிரி ஆகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஆரல்வாய்மொழி தாண்டி ஓட்டினால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும், நடுக்காட்டில் அந்தப் பிள்ளையையும் தாயையும் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான் என்று அவனே சொன்னான். டவுன் ஷெட்டெல்லாம் தீபாவளிக்குப் பூட்டியாயிற்று. ஓடையில் தண்ணீர் போவதால் காலையிலிருந்து பஸ்ஸும் ஊருக்குள் வரவில்லை.

"ஹபீபுக்கே சொல்லிவிட்ரலாம். வேனுலயே போகட்டும்" என்றான். சொல்லும்போது அவன் வண்டியைப் பார்க்கவில்லை.

பிலோமி அடுப்பில் கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "நான் படுக்கேன். நீங்க உக்காந்து சொல்லுங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"குழியில நின்னு செய்யிறதே லேசுப்பட்ட வேல இல்ல. நீ மல்லாக்கப் படுத்துச் செய்யணும். மூஞ்சியில ஆயிலு ஊத்தும்."

"ஊத்தட்டும். தொடச்சுக்கிருவேன்."

குழி இல்லை, சரி. ஜாக்கி வைத்துத் தூக்கலாமென்றால் ஜாக்கியே களிக்குள் இறங்கியது. கரிசல் மண்ணின் குணம் அப்படி. காய்ந்தால் கால் நுழைகிற வெடிப்பு, நனைந்தால் கால் முழுங்குகிற சேறு. பிலோமி கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்து நின்றாள். மன்சூர் அலி அனுப்பிய காசில் மீரான் பீவி கட்டிக்கொண்டிருக்கிற வீடு அஸ்திவாரத்தோடு மழைக்கு நின்றுபோயிருந்தது. அங்கே கருங்கல் பலகைகளும் குண்டாற்று மணலும் சும்மா கிடந்தன. போய்க் கேட்டாள். எதற்கு என்று சொல்லாமல், வண்டிக்குக் கொஞ்சம் கல் வேண்டும் என்றாள். களையெடுக்க முடியாமல் வீட்டில் கிடந்த பெண்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். சாக்கில் மணலைக் கட்டிச் சரிவு போட்டு, அதன் முடிவில் கல்லின் மேல் கல் அடுக்கி இரண்டு மேடை கட்டினாள். செல்வதுரை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, முன்சக்கரம் இரண்டையும் அதன் மேல் ஏற்றி நிறுத்தினான். பின்சக்கரத்துக்கு ஆட்டுரல் குழவியை அண்டை கொடுத்தாள். இறங்கி, மேடையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். கல் அசையவில்லை.

அவ்வளவு தாழ்வான இடத்தில், குழிக்குள் ஆயில் பிடிக்கிற பழைய டின் நுழையாது. அகலமாக, தட்டையாக ஒரு சட்டி வேண்டும். மூக்கம்மாளிடம் சாந்துச்சட்டி இருந்தது. கட்டட வேலைக்குப் போகும்போது வாங்கியது. மூக்கம்மாள் யாரென்றால், தெருவில் யார் வீட்டில் கறி கொதித்தாலும் முதலில் மூக்கு நுழைகிற ஆள். பேருக்கும் ஆளுக்கும் அப்படியொரு பொருத்தம். சட்டியைக் கொடுத்தாள், சும்மா கொடுக்கவில்லை. மாட்டுக் கொட்டத்துத் தூண் நாலும் கரையான் தின்று நிற்பதால், இறக்குகிற ஆயிலில் முதல் பங்கு தனக்குத்தான் என்று வார்த்தை வாங்கிக்கொண்டு, ஆட்டுக்குக் குழை ஒடிக்கக் காட்டுக்குப் போனாள்.

பிலோமி சேலையை இழுத்துச் செருகி, புருஷனின் காக்கிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, நனைந்த சாக்கில் மல்லாந்து கீழே நுழைந்தாள். ஆயில் இளகுவதற்காக இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தார்கள். மேலே இரும்புச் சூடு, கீழே மண் ஈரம். இத்தனை வருஷம் குழிக்கரையில் உட்கார்ந்து பார்த்த வண்டி வேறு, அடியில் படுத்துப் பார்க்கிற வண்டி வேறு. நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலேயே தகராறு வந்தது. அவன் உட்கார்ந்துகொண்டு இடது என்கிறான், அவளுக்குப் படுத்த வாக்கில் அது வலது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று அவன் ஆரம்பித்தான். ஆடுகிறவள் நான், கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் சும்மா இரும் என்று கீழேயிருந்து பதில் வந்தது. அதற்கப்புறம் அவன் வாயைத் திறந்தது, கேட்டதற்குப் பதில் சொல்ல மட்டும்தான்.

நட்டு அசைந்து, தளர்ந்து, கையோடு வந்தது. கறுத்த ஆயில் குபுக்கென்று விழுந்து அவள் மணிக்கட்டைப் பொசுக்கியது. ஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டாள், கையை எடுக்கவில்லை. சட்டி நிரம்பியது. வேலியோரத்து டப்பாக்காரர்கள் எண்ணெய்க் குடத்தைச் சுற்றிய எறும்பு மாதிரி மொய்த்து, மூக்கம்மாள் பேச்சையெல்லாம் யாரும் காதில் போடாமல் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிலோமி வண்டிக்கு அடியில் கிடந்ததால் அவளுக்கு இது தெரியாது. அவள் நட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு, பில்டர் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே ஊறிக்கிடந்த பழைய பில்டரைத் தூக்கிப் போட்டு, கிண்ணத்தை டீசலில் கழுவி, புதுப் பில்டரை வைத்து, புது ரப்பர் வளையத்தை விளிம்பில் பொருத்தி முடுக்கினாள். கழுத்துச் சங்கிலியில் ஊக்கைத் தயாராக விலக்கி வைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. சரி, இன்றைக்கு அவருக்குப் பல் குத்தவேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

புது ஆயிலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மூக்கம்மாள் வந்தாள். தன் சட்டி வெறும் சட்டியாகக் கிடப்பதைப் பார்த்ததும் குழைக்கட்டைக் கீழே போட்டாள். சட்டி என்னுது, ஆயில் ஊருக்கா என்று தெருவைக் கூட்டினாள். கூட்டி என்ன செய்ய, போனது போனதுதான். கந்தல் துணி ஒன்றை எடுத்து, சட்டியில் ஒட்டிக்கிடந்த ஆயிலை வழித்து வழித்துத் துடைத்தாள். மடிப்பு, விளிம்பு, காதோரம் எதையும் விடவில்லை. பூனை நக்கிய தட்டு கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. துணியைப் பிழிந்தால் ஒரு தூணுக்காவது ஆகும் என்று கணக்கு. அப்புறமும் மனசு ஆறாமல், பில்டர் பக்கம் இன்னும் ஏதாவது சொட்டினால் சொட்டட்டும் என்று சட்டியை மறுபடி அதன் நேர் கீழே தள்ளிவிட்டு, சக்கரத்தோரம் காவல் உட்கார்ந்துகொண்டாள்.

செல்வதுரை ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. பிலோமிக்கு அந்தச் சத்தம் வயிற்றில் பால் வார்த்தது. ஆனால் இரண்டு மூச்சு விடுவதற்குள் கீழே சர்ரென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தாள். பில்டர் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஆயில் பீய்ச்சியடித்தது.

"அமத்துங்க. அமத்துங்க."

அவன் அணைப்பதற்குள் ஊற்றின ஆயிலில் பாதிக்கு மேல் கீழே வந்துவிட்டது. டப்பா காலி, டவுனுக்குப் பஸ் இல்லை, நாளை விடியும்போது மீரான் பீவி மகளோடு வாசலில் நிற்பாள். அந்தோணியாரே, என் கையால் இப்படியா ஆகவேண்டும் என்று பிலோமி நெஞ்சில் கையை வைத்தாள். அப்போதுதான் மூக்கம்மாளின் குரல் கேட்டது.

"ஆத்தா, என் சட்டிக்கும் ஒரு வழி பொறந்திருச்சு."

சாந்துச்சட்டியை இழுத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சட்டிக்குள் தேன் நிறத்தில் புது ஆயில். எவ்வளவு தெளிவு என்றால் சட்டியின் அடி தெரிந்தது. பிலோமி பாய்ந்துபோய் ஒரு பக்கத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, அத வையிங்க. அது புது ஆயிலு."

"புதுசோ பழசோ, ஒம் புருசன் போட்ட சட்டம்தானடி. கீழ விழுந்துட்டா ஊருக்கு. எல்லாரும் அள்ளிட்டுப் போனாகள்ல, எனக்குன்னு வரும்போது மட்டும் சட்டம் மாறுமாக்கும்."

"மீரான் புருசன் நாலு வருசங் கழிச்சு வாராக. இந்த ஆயிலு இல்லாட்டி வண்டி ஓடையக் கூடத் தாண்டாது."

"என் தூணு நாலும் நாளைக்கு மாட்டு மேல விழுந்தா யாருடி பதில் சொல்றது?"

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையாக இருக்கிறதே என்று செல்வதுரை வண்டிக்குள்ளிருந்து முனகினான். ஆனால் சட்டம் அவனுடையது, வாயைத் திறந்து பேச வழியில்லை. பிலோமி விளிம்பை விடவில்லை. இழுத்தால் சிந்திவிடும் என்று மூக்கம்மாளும் இழுக்கவில்லை. இரண்டு பேரும் சட்டியை நடுவில் வைத்து நின்றார்கள்.

"அடுத்த தடவ எறக்குற ஆயிலு முழுசும் ஒங்களுக்கு மதினி. வேலியோரம் ஒரு டப்பா நிக்காது. அந்தோணியார் மேல சத்தியம்."

மூக்கம்மாள் செல்வதுரையைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். "ஓட்ட உழக்குக் கூட நிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, சட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

எங்கே தப்பு என்று பார்க்கப் பிலோமி மறுபடியும் அடியில் போனாள். கிண்ணத்தை இறக்கினாள். விளிம்பில் புது வளையம் இருக்கிறது, கிழியவில்லை. மேலே கிண்ணம் பொருந்துகிற பள்ளத்தில் விரலை ஓட்டச் சொன்னான் செல்வதுரை. ஓட்டினாள். ஏதோ வழவழவென்று தட்டுப்பட்டது.

"பழைய வளையத்த எடுத்தியா?"

"எந்தப் பழைய வளையம்?"

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். பழைய ரப்பர் வளையம் கறுத்து, இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டு பள்ளத்திலேயே கிடந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புது வளையம் உட்கார்ந்தால் எப்படி அடைக்கும். ஒவ்வொரு தடவையும் அதைத் தோண்டி எடுக்கத்தான் அவனுக்கு ஊக்கு வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் கை தானாகச் செய்த காரியம், வாயால் சொல்லும்போது விட்டுப்போயிற்று.

"நான் ஊக்குக் கேக்கலயே புள்ள" என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஒம் மேல தப்பில்ல. எம் மேலதான்."

கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து அந்த வாயில் அவள் கேட்டிராத வார்த்தை அது. பிலோமிக்கு அழுகை வந்தது. வண்டிக்கு அடியில் கிடக்கிறவள் அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகும். காதைத் துடைத்துவிட்டு ஊக்கைக் கழற்றினாள். பழைய வளையத்தின் ஒரு நுனியைக் குத்தி நெம்பினாள். மண்புழு மாதிரி முழுசாகக் கையில் வந்தது.

ஆயிலை வடிகட்ட நூல் பிரியாத சுத்தமான துணி வேண்டும். செல்வதுரை சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கையில் புது வேட்டியோடு வந்தான். ஏர்போர்ட்டுக்கு வெள்ளையும் சொள்ளையுமாகப் போகவேண்டும் என்று ஆசையாக வாங்கி, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல, அவனே அதை நாலாக மடித்து வாளியின் மேல் விரித்தான். இரண்டு முனையை மூக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். மதினி, மூக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள், உள்ளே விழுந்துவிடப்போகிறது என்று செல்வதுரை சொல்ல, அவளும் அவனைச் சும்மா விடவில்லை. வேட்டியில் கந்தலின் தூசும் பிசிறும் தங்க, ஆயில் தெளிந்து இறங்கியது. மூக்கம்மாள் அப்படி வழித்துத் துடைத்திராவிட்டால் அது இஞ்சினுக்கு ஆகியிருக்காது. அவளுடைய பேராசைக்கு இப்படியும் ஒரு புண்ணியம் இருந்தது.

திரும்ப மாட்டி, ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டார்கள். பிலோமி தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கசியவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அருப்புக்கோட்டை பெட்ரோல் பங்கில் மிச்சத்தை ஊற்றிக்கொள்ளலாம் என்றான் செல்வதுரை. நடந்ததை மீரான் பீவியிடம் சொல்லவேண்டாம், பயந்துபோய் வேனுக்கு மாறிவிடுவாள் என்றும் சொன்னான்.

பிலோமிக்கு மனசு கேட்கவில்லை. சோப்பும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் மீரான் பீவி வீட்டுக்குப் போனாள். தன் கையால்தான் மாற்றியது, முதலில் பீய்ச்சியடித்தது, சட்டியில் விழுந்ததை வேட்டியில் வடித்து ஊற்றியிருக்கிறது, ஒன்றையும் மறைக்கவில்லை. ஹபீபின் வேன் வேண்டுமென்றால் இப்போதே ஆள் அனுப்பு, நாங்கள் தப்பாக நினைக்கமாட்டோம் என்றாள். நினைக்கமாட்டோம் என்பதெல்லாம் சும்மா. வேன் வந்தால் செல்வதுரை அந்த வண்டியை மறுபடி வாஞ்சையோடு துடைக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

மீரான் பீவி அவளுடைய பொசுங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள். சனோபர் உள்ளேயிருந்து ஓடிவந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா, அந்த வண்டியில நீங்க வாரீகளா?"

"வாரேன்."

"அப்ப எனக்கென்ன. போவோம்."

விடியும்போது ஓடைத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. வண்டி அதில் இறங்கி ஏறியது. அருப்புக்கோட்டையில் ஆயிலைச் சரிக்கட்டிக்கொண்டு, பந்தல்குடி, எட்டயபுரம், கோவில்பட்டி என்று போனார்கள். மீரான் பீவி மல்லிச் சட்னியும் இட்லியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிலோமி பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. டீக்கு நிறுத்தினாலும் இறங்கிவிடுவாள், மண்டியிட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பாள். கயத்தாற்றில் பார்த்தாள், நாங்குநேரியில் பார்த்தாள். ஆரல்வாய்மொழியில் ஆளைத் தள்ளுகிற காற்றில் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தாள். இப்படி ஊருக்கு ஊர் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டு வந்தால் ப்ளேன் திரும்பிப் போய்விடும் என்று செல்வதுரை கிண்டலடித்தான். ஆனால் அவள் இறங்குகிற வரைக்கும் காத்திருந்து, ஏறி உட்கார்ந்த பிறகுதான் கியரைப் போட்டான்.

ஏர்போர்ட்டில் செல்வதுரை வெளுத்த காக்கியில் நின்றான். மன்சூர் அலி பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். காதோரம் நரைத்து, கன்னம் ஒட்டி, போன ஆளில் பாதி ஆளாக இருந்தான். மீரான் பீவிக்குத் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சனோபர் பிலோமியின் பின்னால் ஒளிந்துகொண்டது. யாருடைய கையிலும் போகாமல் நின்ற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மன்சூர் வண்டியின் பானெட்டில் கையை வைத்தான். அது ஒன்றாவது தெரிந்த முகம்.

திரும்பும்போது மன்சூர் முன்சீட்டில் உட்கார்ந்தான். பெண்கள் பின்னால். நாகர்கோவில் தாண்டி மலை பின்னால் போன பிறகு மன்சூர் கேட்டான்.

"அண்ணே, நான் போகும்போது இது லொடலொடன்னு வந்துச்சு. இப்பச் சத்தமில்லாம ஓடுதே. எந்த ஷெட்டுல விட்டீக?"

செல்வதுரை கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "ஷெட்டு எதுக்குங்க. நம்ம மெக்கானிக்கு பின்னாடி ஒங்க மகள மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காகள்ல."

மன்சூர் திரும்பிப் பார்த்தான். பிலோமி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை இன்னொருத்தர் பார்த்துவிடக்கூடாதே என்று வெட்கமாகவும் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த சனோபரின் தலையைத் தடவிக்கொண்டே வள்ளியூர் வரைக்கும் வெளியே பார்த்தபடி வந்தாள்.

பரளச்சியில் வந்து நிற்கும்போது தெருவே கூடியிருந்தது. எல்லாரும் மன்சூர் அலியைப் பார்க்க வந்திருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. மூக்கம்மாள் சாந்துச்சட்டியோடு வந்தவள், வண்டி நின்றதும் நிற்காததுமாக அதைப் பில்டருக்கு நேர் கீழே தள்ளிவிட்டு, சக்கரத்தோரம் குத்தவைத்துவிட்டாள். பெட்டி இறக்கினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். அவள் பழத்தை வாங்கி வாயில் போட்டாளே தவிர இடத்தை விட்டு அசையவில்லை. கூட்டமெல்லாம் கலைந்தபிறகு சட்டியை இழுத்துப் பார்த்தாள். நம்பாமல் உள்ளே விரலை விட்டுத் தடவினாள். அப்புறம் கையை வண்டிக்கு அடியில் விட்டு, பில்டர் கிண்ணத்தைச் சுற்றி ஒரு முறை தடவி எடுத்து விரலைப் பார்த்தாள். காய்ந்த விரல்.

"மலையாளத்துக்குப் போயிட்டு வந்த வண்டிடி" என்றாள். அவளுக்கு நிஜமாகவே வருத்தம். "ஒரு சொட்டு இல்லையே. இம்புட்டு இறுக்கியாடி மாட்டுவ, பாவி மகளே."

பிலோமி சிரித்தாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததில் நிறுத்த முடியாமல், வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுபடி தூற ஆரம்பித்தது. மூக்கம்மாள் சாந்துச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வைதபடியே வீட்டைப் பார்த்து நடந்தாள்.